தடுப்பூசி நாளில் தாயிடமும் ஒரு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் பெண்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உயிரை விட்டுவிடலாம் என்று சிலருக்கு வரும் எண்ணத்தைப் பற்றியும் பேசப் போகிறேன். கேட்கும்போது யாருக்காவது மனம் கனத்துப்போனால் வானொலியை அணைத்துவிட்டு 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். இந்த எண்ணை நிகழ்ச்சியின் கடைசியில் சொல்வதுதான் வழக்கம். நடுவில் குழந்தை அழுது எழுந்து போகிறவர் காதில் அது விழாதே, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மகப்பேறு மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். குழந்தை பிறந்த வீட்டில் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். ஆணா பெண்ணா, எத்தனை கிலோ, சுகப்பிரசவமா ஆபரேஷனா, பால் இருக்கிறதா, யார் ஜாடை? தாயிடம் கேட்கும் கேள்வி அதில் ஒன்றுதான், பால் இருக்கிறதா என்பது. அதுவும் பிள்ளைக்காகக் கேட்பது.

வேலூர் மாவட்டத்தின் கிராமப்புறத்தில் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணிகள் 350 பேருக்கு மேல் சந்தித்துப் பேசினார்கள். பிரசவமாகி ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் திரும்பவும் போய்ப் பார்த்தார்கள். கர்ப்பத்தில் நன்றாக இருந்த பெண்களிலேயே 100-க்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்ற பட்டியல்தான் என்னை உறுத்தியது. வருமானம் குறைந்த வீடு. ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்த வீட்டில் பெண் பிறந்தது. மாமியாரோடோ பெற்றவர்களோடோ மனக்கசப்பு. கர்ப்பத்தின்போது வீட்டில் நடந்த ஏதோ ஒரு துயரம். கைக்கு உதவி செய்ய ஆள் இல்லாதது. ஹார்மோன் மாற்றமும் உண்மைதான், பிரசவமான சில நாளிலேயே உடம்பில் அவை மளமளவென்று இறங்கிவிடும். ஆனால் அந்த இறக்கம் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுபோலத்தான் நடக்கிறது. 'பொட்டப்புள்ளையா' என்று இழுத்துக் கேட்கும் குரல் எல்லார் வீட்டிலும் இருப்பதில்லை.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிரசவமான மூன்றாம் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இது வருகிறது, இரண்டு வாரத்தில் தானாகத் தணிந்துவிடும். அதற்கு மருந்து வேண்டாம். தூக்கமும் ஆதரவும் போதும். இரண்டு வாரம் தாண்டியும் விடாமல் நீடித்தால், அல்லது நாளுக்கு நாள் கூடினால், அதுதான் மனச்சோர்வு. அது பிரசவத்துக்குப் பிறகுதான் வரும் என்றும் இல்லை. அமெரிக்காவில் 10,000 தாய்மார்களைப் பரிசோதித்த ஒரு பெரிய ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு அது கர்ப்பத்திலேயே தொடங்கியிருந்தது. கால் பங்குக்கு மேல் கர்ப்பத்துக்கு முன்பே இருந்தது. வளைகாப்புப் புகைப்படத்தில் கைநிறைய வளையலோடு சிரிப்பவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நாமாக முடிவு செய்துகொள்ள முடியாது.

நம் பெண்கள் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் எரிச்சல், உடம்பெல்லாம் அசதி என்றுதான் வருவார்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே தொந்தரவுகளைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. 'பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா?' என்று கேளுங்கள். கைக்குழந்தைக்காரி தூங்காமல் இருப்பது சகஜம். பிள்ளை தூங்கி, வீடும் அடங்கிய பிறகு இவள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தால் அது சகஜம் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிமையான ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவானது, எடின்பரோ அளவுகோல் என்பார்கள். பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாளைப் பற்றி. தமிழிலும் உண்டு. வேலூரிலேயே அதைச் சரிபார்த்திருக்கிறார்கள். பத்தாவது கேள்வி, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அந்தப் பெண்ணை அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நான் சொன்ன அமெரிக்க ஆய்வில் மனச்சோர்வுக்கான அறிகுறி தெரிந்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அந்தப் பத்தாவது கேள்விக்கு ஆமாம் என்றார்கள்.

இதைக் கேட்கத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். டாக்டர்களும்தான். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே அவள் மனதில் போட்டுவிடுவோமோ என்று தயக்கம். அப்படி நடப்பதில்லை. ஆய்வுகள் இதைத் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. கேட்டதும் பல பெண்களுக்கு முதலில் வருவது அழுகை, பிறகு ஒரு பெரிய மூச்சு. 'எங்கேயாவது போயிடலாம் போல இருக்குக்கா', 'நான் இல்லைன்னா பிள்ளைய யார் பாத்துப்பா?', 'இந்தப் பிள்ளைக்கு நான் லாயக்கில்லை' என்று அவர்கள் ஏற்கெனவே ஜாடையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். 'பச்சை உடம்புக்காரி இப்படியெல்லாம் பேசலாமா' என்று வாயை அடைத்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக, 'உயிரோடவே இருக்க வேண்டாம்னு தோணுதாம்மா?' என்று நேராகக் கேளுங்கள். தோணுது என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டாதபடி வீட்டிலிருந்து அகற்றுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் மருத்துவமனையில் நடக்கிறது. ரத்தப்போக்கையும் ரத்தக்கொதிப்பையும் கவனிக்கக் கற்றுக்கொண்டோம். அப்படியிருந்தும் தாய் மரணத்தை எண்ணும்போது பிரசவமாகி 42 நாளோடு கணக்கை மூடிவிடுகிறோம். மனச்சோர்வுக்கு 42 நாள் தெரியுமா? பிரிட்டனில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆராய்கிறார்கள். ஆறு வாரத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் பிரசவத்தோடு நேரடியாகத் தொடர்புடைய மரணங்களில் தற்கொலைதான் அங்கே முதல் காரணம். உலக சுகாதார நிறுவனமும் 2012-இல், கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பின்னோ நடக்கும் தற்கொலையைத் தாய் மரணத்தின் நேரடிக் காரணங்களில் சேர்த்துவிட்டது. நம் ஊரில் 'குடும்பப் பிரச்சினை' என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். வெந்நீர் வைத்துக் கொடுக்க, பூண்டுக் குழம்பு செய்ய, ராத்திரி பிள்ளையை வாங்கிக்கொள்ள அம்மா இருப்பார். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குப் போகும்போதுதான் அந்தக் கைகள் விலகுகின்றன. அதையொட்டி மூன்றரை மாத ஊசியும் முடிந்துவிடும், அடுத்தது ஒன்பதாம் மாதத்தில்தான். நடுவில் யாரும் அவளைப் பார்ப்பதில்லை. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளுக்கு வரும்போது கிராம சுகாதார செவிலியர் தாயிடமும் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்டால் பத்து நிமிடம்கூட ஆகாது. வேலைப்பளு தெரியாமல் சொல்லவில்லை. ஏற்கெனவே தலைக்கு மேல் பதிவேடுகள். ஒரு பதிவேட்டைக் குறைத்துவிட்டு இதைச் சேர்க்கட்டும். குழந்தை இறந்து பிறந்த பெண்ணுக்கு ஊசி நாளும் கிடையாது. அவளைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நிலைமை உண்டு, ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று தூக்கமே போய்விடும், பேச்சு குழறும், இல்லாத குரல்கள் கேட்கும், பிள்ளை தன்னுடையது இல்லை என்பாள். பேய் என்றும் ஜன்னி என்றும் சொல்லி மந்திரிக்க அலையாதீர்கள். அது அவசர சிகிச்சைக்குரியது, அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். சிகிச்சை செய்தால் நன்றாகக் குணமாகும்.

மருந்து சாப்பிட்டால் பாலை நிறுத்த வேண்டுமே என்றுதான் பல வீடுகளில் சிகிச்சையே தள்ளிப்போகிறது. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் கர்ப்பம் தெரிந்ததும் தானாகச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. எல்லாருக்கும் மாத்திரை வேண்டும் என்றும் இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், மனநலப் படிப்பு ஏதும் படிக்காத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்கே அனுப்பிப் பேச வைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தத் தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. அந்தப் பயிற்சி தராத கிராமங்களில் 53 சதவீதம். 2008-இல் வெளியான இந்த முடிவு, பணம் இல்லை, டாக்டர் இல்லை என்று சாக்குச் சொல்ல நமக்கு இடம் வைக்கவில்லை.

மருத்துவமனையில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் பிரிவே இருக்கிறது. 2017-ஆம் வருட மனநலச் சட்டமும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. உயிரை விட முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள்.

கணவர்மார்களே, ராத்திரி ஒரு வேளை பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளை ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்க விடுங்கள். குடித்துவிட்டு வரும் வீட்டில், கை நீட்டும் வீட்டில், நான் சொன்ன எந்த வைத்தியமும் பலிக்காது.

கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களில் யாருக்காவது இந்த எண்ணம் இருந்தால், நீங்கள் கெட்ட தாய் இல்லை. இது வியாதி, தீரக்கூடியது. முதலில் சொன்ன 14416-இன் பெயர் டெலி மானஸ். தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. உங்கள் கையில் போன் இல்லை, வீட்டில் கேட்கவும் கூச்சம் என்றால், அடுத்த தடுப்பூசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைக்குச் சளி என்று சொல்லிவிட்டாவது நாளைக் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். உள்ளே போன பிறகு உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். வணக்கம்.