மதுரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வெளிநாடு! யாழ்ப்பாணத்துக்குத் தனியாக ஒரு ரயில் பயணம்

[காட்சி: மதுரை ஜங்ஷன், அதிகாலை. வைகை எக்ஸ்பிரஸ் கிளம்புகிறது.]

வணக்கம் மக்களே! இந்த வைகையில் ஏறி உட்கார்ந்தால் சென்னை போய்ச் சேர ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேறொரு நாட்டில் இறங்கிவிடலாம். இறங்கிய பிறகு கைக்கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம், இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தான். முதன்முதலாகத் தனியாக வெளிநாடு போக நினைக்கிறவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, நான் சொல்வது இந்த வழியைத்தான். கொழும்பில் இறங்குங்கள், ரயிலைப் பிடியுங்கள், யாழ்ப்பாணம் போங்கள்.

ஆயத்தங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் வேண்டும். இலங்கையின் இ.டி.ஏ., அதாவது மின்னணுப் பயண அனுமதியை, இணையத்தில் எடுக்க வேண்டும். விதியும் கட்டணமும் அடிக்கடி மாறும், அதனால் கிளம்புகிற வாரத்தில் அரசுத் தளத்திலேயே பாருங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கொழும்பின் முக்கிய ரயில் நிலையம் இருக்கும் கொழும்புக் கோட்டைப் பகுதிக்கு 187 ஆம் நம்பர் பஸ் போகும். ரயில் அன்றைக்கு ஓடுகிறதா என்றும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

"தனியாவா போற?" என்று அம்மா பத்து நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வி என் கூடவே விமானம் ஏறிவிட்டது போல. பாஸ்போர்ட் வரிசையில் நிற்கும்போது உள்ளங்கை வேர்த்துவிட்டது. அப்போதுதான் தலைக்கு மேல் பலகையைப் பார்த்தேன். சிங்களம், அதற்கடுத்துத் தமிழ், அப்புறம் ஆங்கிலம். 'குடிவரவு' என்று எழுதியிருந்தது. என்ன அழகான சொல்! வருகிறவருக்குக் குடிவரவு, போகிறவருக்குக் குடியகல்வு. ரயில் நிலையத்தில் 'புகையிரத நிலையம்'. எக்ஸ்பிரஸுக்கு 'கடுகதி'. இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸ் என்ன தெரியுமா? 'நகர்சேர் கடுகதி'! ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாம் பேச்சில் டிரெயின், எக்ஸ்பிரஸ் என்று பழகிவிட்டோம், அங்கே ரயில்வே அறிவிப்பிலேயே இந்தச் சொற்கள் ஒலிக்கின்றன. வெளிநாட்டு நிலையத்தில் தனியாக நிற்கிறோம் என்ற பயம் எனக்கு அங்கேதான் போனது.

[காட்சி: கொழும்புக் கோட்டை, தண்டவாளம் அருகில்]

இப்போது நான் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கும் விஷயம். இந்தத் தண்டவாளத்தைப் பாருங்கள். ஒரு தண்டவாளத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர். இன்றைக்கு மதுரை ஜங்ஷனில் இருப்பதும் இதே 1676 தான். நம் பெட்டியைத் தூக்கி இங்கே வைத்தால் சக்கரம் பொருந்தும்!

ஆனால் போட் மெயில் காலத்தில் அப்படி இல்லை. முதலில் அந்த ரயில் சென்னையிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி போகும், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914 இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது. துறையில் இறங்கி நீராவிக் கப்பலில் ஏறினால் எதிர்க்கரையில் தலைமன்னார், அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது.

அந்த நாளில் நம் பக்கம் ஓடியது மீட்டர் கேஜ், வெறும் 1000 மில்லிமீட்டர். அவர்கள் பக்கம் அகலப்பாதை. கடலுக்கு மேல் பாலமே போட்டிருந்தாலும் ஒரு கரை ரயில் மறுகரையில் ஓடியிருக்காது. 2007 இல்தான் மானாமதுரை–ராமேஸ்வரம் பாதை அகலமானது. கப்பல் ஓடிய காலத்தில் தண்டவாளம் பொருந்தவில்லை. தண்டவாளம் பொருந்தி வந்தபோது தனுஷ்கோடிக் கப்பல் இல்லை. எனக்கு இது பெரிய ஏக்கம், மறைக்க மாட்டேன்.

சரி, ரயில் கிளம்பிவிட்டது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பகல் ரயிலில் சீட்டு பதிவு செய்துகொள்ளுங்கள், வழியைப் பார்க்காமல் தூங்கிப் போவது பாவம். குருநாகல், அனுராதபுரம், வவுனியா. கூடையோடு ஏறிய ஒருவர் இறால் வடை கொடுத்தார். வடையின் நடுவே முழு இறால், தலையும் மீசையுமாக. சுற்றித் தந்த தாள், யாரோ ஒரு குழந்தையின் கணக்கு நோட்டு. சிவப்பு மையில் சரி போட்டிருந்தது.

வவுனியா தாண்டியதும் பனை தொடங்கியது, ராமநாதபுரம் பக்கம் போவது மாதிரியே. எதிர் சீட்டில் இருந்த அம்மா அப்போதுதான் பேச்சுக் கொடுத்தார்.

"எங்க போறியள் பிள்ளை? தனியவோ வந்தனீங்கள்?"

என் அம்மா கேட்ட அதே கேள்வி! "ஆமாம்மா, மதுரையிலிருந்து வர்றேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

இந்தப் பாதை 1990 இல் போரால் நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2014 அக்டோபரில்தான் கொழும்பு ரயிலான யாழ் தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. இருபத்து நான்கு வருடம்! அதை அந்த அம்மா, வெளியே ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே, இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். அவருக்குப் பேச வேண்டியிருந்தது மதுரையைப் பற்றி.

"எங்கட அப்பா அந்தக் கப்பலில மதுரைக்கு வந்தவர். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு. புதுமண்டபத்தில ஒரு பித்தளைச் செம்பு வாங்கினவர். இப்பவும் அங்க பாத்திரம் விக்கினமோ?"

புதுமண்டபத்துக் கடைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "செம்பு எங்களிட்ட இருக்கு. இடம்பெயரேக்கயும் கொண்டு போனனாங்கள்" என்றார்.

யாழ்ப்பாண நிலையத்தில் இறங்கி, எனக்கு ஆட்டோ பேசி ஏற்றிவிட்ட பிறகுதான் அவர் போனார். நான் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

ஒரு கூடுதல் தகவல். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். காங்கேசன்துறை இந்தப் பாதையின் கடைசி நிலையம். வானிலையைப் பொறுத்து ஓடும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். என் அடுத்த பயணம் அதில்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தனுஷ்கோடிக் கப்பலில் போன, வந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று மாலையே பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய்யுங்கள். என்ன சாப்பிட்டார்கள், என்ன வாங்கி வந்தார்கள் என்று கேளுங்கள். எனக்கு அனுப்பினால் அடுத்த வீடியோவில் அவர்கள் குரலையே போடுகிறேன்.