வயது எடுத்ததா, படுக்கை எடுத்ததா?

அனைவருக்கும் வணக்கம்.

1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஒரு ஆய்விலிருந்து தொடங்குகிறேன். இருபது வயதில் இருந்த ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு நோய் எதுவும் கிடையாது. சும்மா படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரம் முடிந்ததும் அளந்து பார்த்தார்கள். கடுமையாக உழைக்கும்போது உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்ஸிஜன் அளவு, சராசரியாக நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். எடை கூடியிருந்தது, தலை நரைத்திருந்தது. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் குறைந்ததைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கையில் குறைந்ததுதான் அதிகம். அப்புறம் ஆறு மாதம் நடை, ஓட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஐம்பது வயதில் அந்த ஐவரின் சராசரி, 1966-இல் படுக்கைக்குப் போவதற்கு முன் இருந்த அளவுக்கே திரும்பிவிட்டது. 1966-இல் படுக்கையிலிருந்து எழுந்த பிறகு கொடுத்த கடும் பயிற்சியால் தொட்ட உச்சத்தை மட்டும் அவர்களால் மறுபடி தொட முடியவில்லை. வயது உண்மையில் எடுத்துக்கொண்டது அந்த உச்சத்தைத்தான்.

ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் இயன்முறை சிகிச்சையில் இருக்கும் எனக்கு, ஒவ்வொரு முறை “வயசாயிடுச்சு, இனிமே இவ்வளவுதான்” என்று ஒரு குடும்பம் சொல்லும்போதும் இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். முதுமை என்று நாம் பெயர் வைக்கும் பலவீனத்தில் ஒரு பெரும்பகுதி, அசையாமல் இருந்ததால் வந்தது. அசையாமல் இருந்ததால் போனதைப் பெரும்பாலும் மீட்கலாம்.

வயதானவர்களுக்கு இந்த இழப்பு வேகமாக நடக்கும். 2007-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் 12 பேர் பத்து நாள் படுக்கையில் இருந்தார்கள். அந்தப் பத்தே நாளில் கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோ அளவுக்குத் தசை போய்விட்டது. நோயில்லாதவர்களுக்கே இந்த நிலை என்றால், நிமோனியாவோ இடுப்பு எலும்பு முறிவோ வந்து, சரியாகச் சாப்பிடாமலும் படுத்திருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். மருத்துவமனைக்கு நடந்து வந்தவர் சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார். காய்ச்சல் குணமாகியிருக்கும், கால் போயிருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். இதில் பாதியையாவது தடுத்திருக்கலாம்.

சரி, எந்த வயது வரை மீட்கலாம்? 1990-இல் பாஸ்டனில் இருந்து ஒரு முடிவு வந்தது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களின் தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுக் கால் இரண்டு மடங்குக்கு மேல் வலுவானது. நான்கு ஆண்டு கழித்து அதே குழு நூறு பேரிடம் செய்த ஆய்வில், பயிற்சி செய்தவர்களின் வலிமை இரண்டு மடங்குக்கு மேல் ஆனது, நடை வேகமும் கூடியது. சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களின் வலிமையில் சொல்லும்படி மாற்றமில்லை. தாத்தாவுக்கு டப்பா டப்பாவாகச் சத்துமாவு வாங்கிக் கொடுத்துவிட்டு, எழுந்து நடக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் அன்பான பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பயிற்சியில் அவர்கள் தூக்கியது லேசான பளு இல்லை. ஒருவர் ஒரே ஒரு முறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதம். வலிமை கூடக்கூட எடையையும் கூட்டினார்கள். இதைத்தான் நாம் கோட்டைவிடுகிறோம். கையைக் காலை லேசாக ஆட்டிவிட்டால் பயிற்சி முடிந்தது என்று நினைக்கிறோம். மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும், தசை அதனால் வளராது. தசைக்குச் சிரமம் தெரிய வேண்டும், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும். மாதக்கணக்கில் ஒரே பயிற்சியை ஒரே பத்து முறை செய்துவிட்டுப் பலனில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது கடினமாக்கினீர்கள் என்பதுதான்.

நாற்காலியில் இருந்து எழுவதையே பார்ப்போம். நல்ல பலம் உள்ளவர் யோசிக்காமல் எழுந்துவிடுவார். தளர்ந்தவர் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி, கைப்பிடியை அழுத்தி, பாதி எழுந்து, தொப்பென்று திரும்ப உட்கார்வார். உடனே அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறோம். வேண்டாம். முதலில் நாற்காலியின் நுனிக்கு வரச் சொல்லுங்கள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்பாரம் தானாகவே பாதத்துக்கு இறங்கும், அப்போது தொடையும் புட்டமும் வேலை செய்ய ஆரம்பிக்கும். அப்படியும் முடியவில்லையா? இருக்கையின் மேல் ஒரு மடித்த போர்வையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். உயரம் கூடினால் எழுவது சுலபம். ஒரு வாரத்தில் அது பழகியதும் போர்வையின் ஒரு மடிப்பைக் குறையுங்கள். கைப்பிடியை விடச் சொல்லுங்கள். உட்காரும்போது மெதுவாக, ஐந்து எண்ணிக்கொண்டே இறங்கச் சொல்லுங்கள். அந்த இறக்கத்தில் தசைக்கு நிறைய வேலை இருக்கிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்பது உலகெங்கும் பயன்படும் ஒரு சோதனை. 70 முதல் 74 வயது வரை உள்ள ஆண்கள் 12, பெண்கள் 10 முறைக்குக் குறைவாகச் செய்தால், விழும் அபாயம் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளரிளம் பருவத்தில் வேகமாக வளரும் அந்த இரண்டு ஆண்டுகளில், வாழ்நாள் எலும்புத் தாதுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சேர்கிறது. குதிப்பதும் ஓடுவதும் அப்போதுதான் எலும்புக்கு அதிகம் உதவும். தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. நடக்கிறேன், போதாதா என்று கேட்பவர்கள் அந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள்.

மறுவாழ்வு சிகிச்சையும் இதையேதான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தால் வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பார்கள். 1952-இல் லெவின், லவுன் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளிகளை முதல் வாரத்திலேயே நாற்காலியில் உட்கார வைத்தது அன்று பெரிய துணிச்சல். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் (COPD) இன்னொன்று நடக்கிறது. பயிற்சிக்குப் பிறகு நுரையீரலின் அளவுகள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஆனால் மூச்சிரைப்பு குறையும், நடக்கும் தூரம் கூடும். ஏனென்றால் தேறியது கால் தசை. அதே ஆக்ஸிஜனை அது சிக்கனமாகச் செலவழிக்கிறது. பக்கவாதத்தில், பாதிக்கப்பட்ட கையை ஒதுக்கிவிட்டு நல்ல கையிலேயே எல்லாம் செய்யப் பழகினால், வரக்கூடிய அசைவும் வராமல் போய்விடுகிறது. அதனால்தான் விரல் ஓரளவு அசைபவர்களுக்கு நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையால் தினமும் மணிக்கணக்கில் வேலை செய்ய வைக்கிறோம். பார்க்கிறவர்களுக்குக் கொடுமையாகத் தெரியும். பலன் கொடுக்கிறது.

எல்லாம் திரும்பும் என்று நான் சொல்லவில்லை. அறுந்த தண்டுவடமும் முற்றிய நரம்புச் சிதைவு நோயும் பயிற்சிக்கு முழுதாகக் கட்டுப்படாது. அங்கேயும் இருப்பதைக் காப்பாற்றும் வேலை உண்டு. பயிற்சியின்போது மார்பில் இறுக்கம், தலைசுற்றல், திடீர் படபடப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தசை வலி ஓரிரு நாளில் தணியும். மூட்டு வீங்கினால் அளவைக் குறையுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் படுத்திருந்தால், அடுத்த முறை மருத்துவர் வரும்போது மருந்தைப் பற்றிக் கேட்டுவிட்டு இதையும் கேளுங்கள்: “இன்னைக்கு இவரை எழுப்பி உட்கார வைக்கலாமா? முடியாதுன்னா, எப்போதிருந்து?”