ஏழு சீட் வண்டியில் ஒற்றை ஆள்: பெரிய கார் நமக்கு எதற்கு?

(திரையில்: பெட்ரோல் பங்க். பம்பில் ரூபாய் எண் விறுவிறு என்று ஓடுகிறது, லிட்டர் எண் மெல்ல நகர்கிறது.)

வணக்கம். "சார், ஜீரோ பாத்துக்கோங்க" என்று பங்க்கில் சொன்னதும் நம் கண் ரூபாய் ஓடுவதைத்தான் பார்க்கும். பக்கத்திலேயே லிட்டர் என்று ஒரு எண் ஓடுகிறது. இன்றைக்கு நாம் பேசப்போவது அந்த லிட்டரைப் பற்றி.

2022இல் இலங்கையில் பெட்ரோலுக்கு மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றது நினைவிருக்கும். ஜூன் கடைசியில் 92 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 470 ரூபாய். அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தாலும் கிடைக்கவில்லை. அப்புறம் க்யூஆர் கோடு முறை வந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் சின்னக் கார் வைத்திருந்தவர் அந்த 20 லிட்டரில் 400 கிலோமீட்டர் போகலாம். 8 கிலோமீட்டர் கொடுக்கும் பெரிய வண்டிக்கு அதே 20 லிட்டர் 160 கிலோமீட்டரோடு சரி.

சென்னையில் அப்படிக் கோட்டா எதுவும் கிடையாது. பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. நமக்குச் சம்பளம்தான் கோட்டா.

(திரையில்: பழைய சான்ட்ரோவும் இன்றைய க்ரெட்டாவும் அருகருகே.)

இதற்கு நடுவில் வண்டிகள் வளர்ந்துகொண்டே போகின்றன. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோவின் நீளம் சுமார் மூன்றரை மீட்டர். இன்று அதே ஆலையில் தயாராகும் க்ரெட்டா 4.3 மீட்டர். இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் பாதிக்கு மேல் இப்போது எஸ்யூவி ரகம். ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பத்தையே சுமந்த மாருதி 800இன் எடை சுமார் 650 கிலோ. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், மேலே கேரியரில் பெட்டி என்று அதில் திருப்பதி போய் வந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது.

எடை கூடினால் பெட்ரோல் ஏன் கூடுகிறது? சிக்னலில் பச்சை விழுகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். அந்த மொத்த எடையையும் நகர்த்தி வேகமெடுக்க வைக்கப் பெட்ரோல் எரிகிறது. அடுத்த சிக்னலில் பிரேக் போட்டதும் அந்தச் சக்தி முழுக்க பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். 850 கிலோ வண்டிக்கு ஒரு பங்கு வீணானால், 1700 கிலோ வண்டிக்கு இரண்டு பங்கு. அண்ணா சாலையில் ஒரு முறை போய் வந்தால் இது எத்தனை தடவை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் விஷயம் வேறு, அங்கே எதிரி காற்று. உயரமும் அகலமும் உள்ள முகப்பு அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது.

சரி, இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற கணக்கு. கார் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?" என்றுதான். இந்தக் கேள்வியே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது.

(திரையில்: மாதம் 1000 கிலோமீட்டர். நான்கு வண்டிகள், நான்கு பெட்ரோல் கேன்கள்.)

மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். லிட்டருக்கு 18 கொடுக்கும் வண்டியை விட்டு 24 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் மாதம் சுமார் 14 லிட்டர் மிச்சம். 10 கொடுக்கும் வண்டியை விட்டு 12 கொடுப்பதற்கு மாறினால்? 100 லிட்டர் 83 ஆகிறது. 17 லிட்டர் மிச்சம்! மைலேஜில் ஏறியது வெறும் 2, ஆனாலும் மிச்சம் அதிகம். காரணம், தாகம் அதிகமுள்ள வண்டியில்தான் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பெட்ரோல் கொட்டுகிறது. அதனால் மைலேஜைக் கேட்காதீர்கள். 1000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். பெரிய வண்டி வைத்திருப்பவர் ஒரு படி இறங்கினாலே நல்ல தொகை மிஞ்சும், ஆக மிகச் சின்ன வண்டிக்குப் போக வேண்டும் என்றுகூட இல்லை.

என் மச்சான் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏழு சீட் வண்டி ஒன்று எடுத்தார். "மாப்ளே, குலதெய்வம் கோயிலுக்கு எல்லாரும் ஒண்ணாப் போகணும்ல?" என்றார். நியாயமான ஆசைதான். போன மாதம் அந்த வண்டியில் ஏறினேன். மூன்றாவது வரிசை சீட்டில் தலை சாய்க்கும் இடத்தில் பாலித்தீன் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. ஒரு சீட்டை மடக்கி அரிசி மூட்டை வைத்திருந்தார்கள்.

மச்சான் கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். மூன்று மாதமாக ஒரு நோட்டில் எழுதிவருகிறார். ஆட்டோ கட் ஆகும்வரை டேங்க் நிரப்புவது, கிலோமீட்டர் குறிப்பது, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பது. ஊருக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான் வருகிறது. நான் கேட்டதற்காக எத்தனை பேர் ஏறினார்கள் என்றும் எழுதினார். 92 நாளில் ஏழு பேர் உட்கார்ந்தது 2 நாள். பெரும்பாலான நாட்களில் அவர் ஒருவர், சில நாள் அக்காவும் சேர்ந்து இரண்டு பேர்.

மாதம் 1000 கிலோமீட்டருக்கு அவருக்கு 100 லிட்டர். 18 கொடுக்கும் சின்னக் காரில் 56 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் மாதம் 4,400, வருடத்துக்கு 53,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சென்னையிலிருந்து அருப்புக்கோட்டை போய்ச் சுற்றிவிட்டுத் திரும்ப 1,100 கிலோமீட்டர். பெரிய டாக்சி எடுத்து, கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று போட்டாலும் 22,000. வருடத்தில் இரண்டு தடவை போனாலும் 44,000. டிரைவர் பேட்டாவும் டோலும் மீதிப் பணத்தில் அடங்கிவிடும். சொந்த வண்டியில் போனாலும் பெட்ரோலும் டோலும் நம் கையிலிருந்துதான் என்பதை நான் கழிக்கவே இல்லை. கூடுதல் இஎம்ஐ, இன்சூரன்ஸ், டயர் எதையும் சேர்க்கவும் இல்லை.

"மழை வந்தா என்ன பண்றது?" இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015 டிசம்பரையும் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, அந்தப் பயம் உண்மையானது. ஆனால் நமக்கு வேண்டியது தரைக்கும் வண்டிக்கும் நடுவே உயரம். அதற்கு நீளமும் எடையும் தேவையில்லை. டாடா பஞ்ச் 4 மீட்டருக்குள் அடங்குகிற வண்டி, அதன் தரை இடைவெளி 187 மில்லிமீட்டர். க்ரெட்டாவுக்கு 190. இன்னொன்றும் உண்டு. இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் எவ்வளவு பெரிய வண்டியும் நின்றுவிடும். வெள்ளத்தில் தைரியமாக இறங்குவதற்கு எந்த எஸ்யூவியும் உத்தரவாதம் தராது.

அடுத்து பாதுகாப்பு. பெரிதாக இருந்தால் பத்திரம் என்று நம்புகிறோம். கார்களை மோதவிட்டுப் பார்த்து 5 ஸ்டார் வரை கொடுக்கும் அமைப்பு குளோபல் என்கேப். 2016இல் அது சோதித்த, ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவுக்கு ஒரு ஸ்டார்கூட வரவில்லை. 2022இல் ஸ்கார்ப்பியோ-என் 5 ஸ்டார் வாங்கியது. 2024இல் 4 மீட்டருக்குள் அடங்கும் டிசையரும் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 ஸ்டார் வாங்கியது. உடற்கூடும் ஏர்பேக்கும் எப்படி என்று பார்க்க வேண்டும், உருவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டு வண்டி மோதினால் கனமான வண்டியில் இருப்பவருக்கு அடி குறைவு என்பது உண்மைதான். அந்த அடி எதிரில் இருப்பவருக்குப் போகிறது. நம் சாலையில் எதிரில் இருப்பவர் யார்? 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று என் மகளை மச்சான் வண்டிக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். அவளுக்கு ஆறு வயது. இன்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். தலையில் கட்டிய ரிப்பன்கூடத் தெரியவில்லை. பானெட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் தெருதான் தெரிந்தது. அதன் பிறகு வண்டி எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றிவந்து பார்க்கிறார் மச்சான்.

பெரிய வண்டி யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தினமும் ஆறு பேர் ஏறும் கூட்டுக் குடும்பம், வீல்சேரோடு பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர்கள், கொல்லிமலை ஏற்றத்தில் சரக்கோடு போய்வருகிறவர்கள், டிராவல்ஸ் ஓட்டுகிறவர்கள், இவர்களுக்கு அது பிழைப்பு. ஆறு பேரோடு லிட்டருக்கு 12 ஓடும் வண்டி, ஒற்றை ஆளோடு 20 ஓடும் காரைவிட ஆளுக்குக் குறைந்த பெட்ரோலைத்தான் குடிக்கிறது.

(திரையில்: மச்சானின் நோட்டு. தேதி, கிலோமீட்டர், லிட்டர், ஆள் என்று நான்கு கட்டம்.)

வண்டி மாற்றும் யோசனையில் இருந்தால் ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு மாதம் இந்த நான்கு கட்டத்தையும் நிரப்புங்கள். இப்போது கார் இல்லாவிட்டால் ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ் எதில் போனாலும் எவ்வளவு தூரம், எத்தனை பேர் என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தைத் தவறாமல் எழுதுங்கள், மச்சான் முதல் வாரம் அதைத்தான் மறந்தார். அந்தத் தாளின் போட்டோவை அனுப்பினால், அடுத்த வீடியோவில் உங்கள் கணக்கை வைத்தே எந்த அளவு வண்டி பொருந்தும் என்று பார்ப்போம்.