ஒரே வட்டத்தில் சுற்றும் விமானம்

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்புக்குத் தெற்கே, காலி வீதியில் இரத்மலானை விமான நிலையத்துக்கு அண்மையில் குடியிருப்பவர்கள், நான் விமானப் பயிற்றுநராக இருந்தவன் என்று அறிந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். விடிந்தும் விடியாததுமாகத் தலைக்கு மேலே இரைந்துகொண்டு வரும் அந்தச் சின்ன விமானம், ஓரிடமும் போகாமல் ஏன் திரும்பத் திரும்ப இதே இடத்தைச் சுற்றுகிறது என்பதே அந்தக் கேள்வி. அதற்கான பதிலைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

இரத்மலானையில் முதல் விமானம் தரையிறங்கியது 1935 நவம்பர் 27 அன்று. அந்தப் புஸ் மொத் விமானத்தை ஓட்டி வந்தவர், சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநரான டின்டேல் பிஸ்கோ. ஆக, இந்தத் தரையை முதலில் தொட்டவரே பறக்கக் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் என்பதில் எனக்கு ஒரு தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு. 1942 ஏப்ரலில் கொழும்பின் மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, அவற்றை எதிர்க்கப் போர் விமானங்கள் இங்கிருந்தும் எழுந்தன. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் இங்கிருந்துதான் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பின்னர் பெரிய விமானங்கள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குச் சென்றுவிட்டன. அதனால் இரத்மலானையை ஓய்வுபெற்றுவிட்ட நிலையமாகப் பலர் நினைக்கிறார்கள். பயிற்சி விமானங்களுக்கு அதன் 1,833 மீற்றர் ஓடுபாதை இன்றும் தாராளமானது.

அந்தச் சுற்றைப் பற்றிச் சொல்கிறேன். ஓடுபாதையிலிருந்து நேரே எழுந்து, ஒருமுறை திரும்பி, மறுபடியும் திரும்பி, ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் ஓடுபாதைக்குச் சமாந்தரமாக எதிர்த்திசையில் பறந்து, இன்னும் இரு திருப்பங்களில் உயரத்தைக் குறைத்து இறங்க வேண்டும். அதாவது வானத்தில் ஒரு நீள்சதுரம் வரைய வேண்டும். எழுதல், ஏறுதல், திரும்புதல், வானொலியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அறிவித்தல், வேகத்தைக் குறைத்தல், இறங்குதல் என அனைத்தும் ஐந்தாறு நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. செஸ்னா 152 போன்ற இரட்டை ஆசன விமானம் இறங்கியபின் சில நூறு மீற்றருக்குள் மீண்டும் எழ வல்லதாகையால், சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். தனியார் விமானி உரிமத்துக்கு வேண்டிய ஆகக் குறைந்த 40 மணித்தியாலப் பறப்பில் கணிசமான பங்கு இப்படியே கழிகிறது.

பயிலுநர் வானத்துக்குப் போகுமுன் தரையில் ஒரு வேலை உண்டு. இறக்கையின் அடியிலுள்ள வடிவாயிலில் ஒரு சிறு கண்ணாடிக் குவளையைப் பிடித்து, கொஞ்சம் எரிபொருளை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். இந்த எரிபொருளுக்கு நீலச் சாயம் இடப்பட்டிருக்கும். இரவில் தாங்கிக்குள் ஈரப்பதன் ஒடுங்கிச் சேர்ந்த தண்ணீர் இருந்தால், அது நிறமற்ற குமிழாகக் குவளையின் அடியில் நிற்கும். கடலருகே இருக்கும் நிலையத்தில் இதை ஒருநாளும் தவிர்க்க முடியாது.

கடலைச் சொன்னதும் காற்று நினைவுக்கு வருகிறது. ஓடுபாதை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக அமைந்திருப்பதால் இரு பருவக்காற்றுகளும் ஏறத்தாழ அதன் நீளவாக்கிலேயே வீசுகின்றன. விமானம் காற்றை எதிர்த்தே எழவும் இறங்கவும் வேண்டும் அல்லவா? ஆகவே தென்மேற்குப் பருவத்தில் கடலை நோக்கி எழுகிறோம்; வடகீழ்ப் பருவத்தில் கடல் பக்கமிருந்து காலி வீதிக்கு மேலாகத் தாழ்ந்து இறங்குகிறோம். பேருந்தில் இருப்பவர்கள் திடுக்கிட்டு மேலே பார்ப்பது இந்த மாதங்களில்தான். மறுபுறத்தில் பெல்லன்வில–அத்திடிய சதுப்புநிலச் சரணாலயம் இருக்கிறது. அங்குள்ள கொக்குகளும் நாரைகளும் எங்களுடைய வானொலி அறிவித்தலைக் கேட்பதில்லை, கண்தான் துணை.

இறங்கும் கணத்தில் ஒரு ஓசை எழும். செஸ்னாவின் இடது இறக்கை முன்விளிம்பில் ஒரு துளையும் அதன் உள்ளே ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற ஒரு நாக்கும் உண்டு. வேகம் குறைந்து, இறக்கை விமானத்தைத் தாங்கும் வலுவை இழக்கப்போகும் நிலையில், துளை வழியே காற்று உறிஞ்சப்பட்டு அந்த நாக்கு முனகத் தொடங்கும். மேலே பறக்கும்போது அது ஆபத்தின் குரல். ஓடுபாதைக்கு ஓரடி மேலே கேட்டால், நல்ல தரையிறக்கத்தின் அறிகுறி. ஒரே ஓசையை இடமறிந்து விளங்கிக்கொள்ளப் பயிலுநருக்குப் பல வாரங்கள் செல்லும்.

அது விளங்கிய ஒரு காலையில், முன்னறிவித்தல் இன்றி, பயிற்றுநர் இறங்கிவிடுவார். தன் சொந்த எடையும் சேர்த்து இந்த விமானம் எழக்கூடிய உச்ச எடை 757 கிலோ. அதில் பத்திலொரு பங்கு எடை கதவைச் சாத்திவிட்டு நடந்துபோய்விடுகிறது. விமானம் பழக்கத்தைவிட விரைவாக எழும். எதிர்பார்த்ததற்கு முன்பே 1,000 அடியைத் தொட்டுவிடும். இறங்கும்போது தரையில் அமர மனமின்றி மிதக்கும். நான் புல்லோரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். செய்வதற்கு வேறொன்றும் இராது.

அப்படித் தனியே பறந்து இறங்கிய ஓர் இளைஞர், வியர்த்த முகத்துடன் என்னிடம் வந்து சொன்னார்: "சேர், பக்கத்தில நீங்கள் இல்லையெண்டு யோசிக்கவே நேரம் கிடைக்கேல்லை." மறுநாள் காலை ஆறரைக்கு அவரை மீண்டும் அதே சுற்றுக்குத்தான் அனுப்பினேன்.