அம்மப்பாவின் பிரஷர் மெஷினும் எட்டு வயதுக் கையும்

(திரையில்: வீட்டு விறாந்தை, மேசையில் பிரஷர் மெஷின்)

உப்புவெளியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மப்பா பிரஷர் பார்த்து முடித்ததும் எட்டு வயதுப் பேரன், “எனக்கும் பாருங்கோ” என்று கையை நீட்டுகிறான். மெஷின் 116க்கு 74 காட்டுகிறது. “நூற்றிருபதுக்குள்ளதானே, பயமில்லை” என்கிறார் அம்மப்பா.

இதில் இரண்டு பிழை இருக்கிறது.

120க்கு 80 என்பது பெரியவர்களுடைய கணக்கு. பிள்ளைகளின் குருதி அமுக்கத்தை வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து அட்டவணையில் ஒப்பிட வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டியில், 8 வயதுப் பிள்ளைக்கு 107க்கு 69ஐ எட்டினாலே திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். அது நோய் என்று அர்த்தமில்லை, முதல் சல்லடை மட்டுந்தான். 13 வயதிலிருந்துதான் பெரியவர்களின் எண்கள் பொருந்தும்.

(திரையில்: பெரிய பட்டியும் சிறிய பட்டியும் பக்கத்தில் பக்கத்தில்)

இரண்டாவது பிழை பட்டியில். மெலிந்த கையில் பெரியவர்களின் பட்டியைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும். அப்படியென்றால் பேரனின் உண்மையான அளவு 116ஐவிடக் கூடவாகவும் இருக்கலாம். பருத்த பிள்ளைக்குச் சின்னப் பட்டி போட்டால் நேர்மாறு, இல்லாத பிரஷரைக் காட்டிவிடும். மேல்கையின் நடுவில் சுற்றளவு 20 சென்ரிமீற்றர் என்றால், பட்டிக்குள் காற்று நிரம்பும் பை 8 சென்ரிமீற்றராவது அகலமும் 16 முதல் 20 வரை நீளமும் இருக்க வேண்டும். தையல் அளவு மாதிரித்தான்!

டச்பே கடற்கரையில் பந்தடித்துவிட்டு ஓடிவந்த பெடியனுக்கு உடனே பார்க்கக்கூடாது. சாய்ந்து, கால் தரையில் படும்படி, பேசாமல் ஐந்து நிமிடம் இருக்கட்டும். வலது கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். ஏன் வலது? இதயத்திலிருந்து வரும் பெருநாடி பிறவியிலேயே ஒடுங்கியிருந்தால் இடது கையில் அளவு குறைவாக வந்து ஆளை ஏமாற்றிவிடலாம். வைத்தியரின் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் பயத்தில் பிரஷர் ஏறும் பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் வேறு வேறு நாட்களில் மூன்று முறை பார்க்காமல் வைத்தியர் முடிவு சொல்வதில்லை.

ஏறுவதற்குக் காரணம்? சின்னப் பிள்ளைகளில் சிறுநீரகத்தில் கோளாறு இருக்கிறதா என்று முதலில் தேடுவார்கள். பள்ளி வயதில் கூடிய எடைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அப்புறம் உப்பு. கருவாட்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். பள்ளிக்கூட வாசலில் உப்புத்தூள் போட்ட மாங்காய், பின்னேரம் மிக்சர், இரவு நூடில்ஸ் பக்கற் எல்லாம் ஒரே நாளில் போகிறது. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டிக்குள், என்கிறது உலக சுகாதார அமைப்பு. பிள்ளைக்கு அதிலும் குறைவு.

அம்மப்பாவின் குளிசையில் பாதியைக் கொடுத்துப் பார்ப்போம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பல பிள்ளைகளுக்குச் சாப்பாட்டை மாற்றி, தினமும் ஒரு மணித்தியாலம் ஓடி விளையாட விட்டாலே குறையும். மருந்து தேவையா என்பதைக் கிளினிக்கில் சொல்வார்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிகுறி எதுவும் இருக்காது. ஆனால் கடும் தலையிடியோடு வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்று ஏதாவது வந்தால், மெஷினைத் தேடிக்கொண்டு நிற்காமல் அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.