தாஹித்தியின் கடைசி ராஜா: கல்லறை உச்சியில் பாட்டிலா?

(காட்சி: கடலோரம். பவளக்கல்லில் கட்டிய கோபுரம். உச்சியில் சிவப்பாக ஏதோ ஒன்று.)

உச்சியில் இருப்பதை நன்றாகப் பாருங்கள். கலசமா, பாட்டிலா?

பசிபிக் கடலில் இருக்கும் தாஹித்தித் தீவு இது. பப்பீத்தே நகரத்தை அடுத்த அருஏ என்ற ஊர். உள்ளே இருப்பவர் கடைசி ராஜா, ஐந்தாம் பொமாரே. குடித்தே செத்த மனுஷன், அதனால்தான் தலைக்கு மேல் மதுப் பாட்டிலை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கிண்டல் உண்டு. உண்மையில் அது கிரேக்க பாணிக் கலசம்.

சரி, அவர் குடித்தது நிஜம். குடித்து நாட்டைத் தொலைத்தார் என்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நாடு கைவிட்டுப் போனது அவர் அம்மா காலத்திலேயே.

(காட்சி: நான்காம் பொமாரே ராணியின் ஓவியம்.)

1827இல் பட்டத்துக்கு வந்தபோது ராணிக்குப் பதின்ம வயது. இங்கிலாந்துப் புராட்டஸ்டன்ட் பாதிரிமார் சொன்னதுதான் அங்கே வேதம். 1836இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிமார் இருவரைத் தீவிலிருந்து வெளியேற்றினார்கள். பிரான்சுக்கு இந்தச் சாக்கு போதாதா? 1838இல் போர்க்கப்பல் வந்தது, அபராதம் கேட்டது. 1842இல் அதே தளபதி துப்பெத்தி துவார் திரும்பவும் வந்தார். ராணி பக்கத்துத் தீவான மூரேயாவில் இருந்த நேரம். தலைவர்கள் சிலர் ‘பிரான்சின் பாதுகாப்பு வேண்டும்’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் ராணியும் போட வேண்டியதாயிற்று.

பிரிட்டன் அரசி விக்டோரியாவுக்கு ராணி கடிதம் எழுதிப் பார்த்தார். பிரிட்டன் படை அனுப்பவில்லை. 1844இல் அவர் ராயாத்தேயா தீவுக்குத் தப்பிப் போக, தாஹித்தி மக்கள் மலைகளில் பதுங்கி 1846 கடைசி வரை சண்டை போட்டார்கள். தோற்றதும், 1847இல் திரும்பி வந்து பிரான்சின் பிடிக்குள் ராணியாக இருந்தார்.

1877இல் அவர் இறந்தபோது மகனுக்குக் கிடைத்தது மிச்சம் மீதிதான். 1880 ஜூன் 29 அன்று அதையும் பிரான்சுக்கு எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு ஓய்வூதியம். ஆனால் அந்தத் தாளிலேயே ஒரு கோரிக்கை இருக்கிறது: நில வழக்குகளைத் தாஹித்தி மக்களின் நீதிமன்றங்களே விசாரிக்க வேண்டும். போதையில் தோன்றுகிற யோசனையா இது?

1891 ஜூனில் அவர் இறந்தார். ஓவியர் கொகேன் தீவுக்கு வந்து இறங்கிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

(காட்சி: மறுபடியும் கோபுரம்.)

இந்தக் கல்லறை அம்மாவுக்காகக் கட்டியது. தனக்கு நாள் நெருங்குவது தெரிந்ததும், அம்மாவை அங்கிருந்து அகற்றிவிட்டு இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அவருக்காக இவ்வளவு வாதாடினேன். இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.