வள்ளலுக்குப் பிறகு யார்?

(கீழக்கரையில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கிற தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்றைய கவிதையையும் இலக்கியத்தையும் தாங்கிப் பிடிக்கிற அமைப்புகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று தமிழ்நாடே சொல்கிறதே, அந்தச் சீதக்காதி மரைக்காயரின் ஊர் இது. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கியபோது கைகொடுத்தவர் அவர். இந்தக் கதையின் முன்பாதியைப் பெருமையோடு சொல்கிற நாம் பின்பாதியை அவ்வளவாகச் சொல்வதில்லை. காப்பியம் முடியும் முன்பே வள்ளல் காலமாகிவிட்டார். புலவர் பாதி வழியில் நின்றார். பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து ஆதரித்ததால் வேலை தொடர்ந்தது என்பது வழிவழியாக வருகிற செய்தி. அந்த இரண்டாவது மனிதர் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைத்தான் இன்றைக்கு நாம் யோசிக்க வேண்டும். கொடுக்கிறவர் ஒருவராக இருக்கும்வரை, அவர் ஆயுள்தான் அந்தக் கொடையின் ஆயுள். அதைத் தாண்டியும் கொடை நிற்க வேண்டுமென்றால் அதற்கொரு அமைப்பு வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டு செய்து காட்டியவர்களும் நம் சீமைக்காரர்கள்தான். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி துணை நின்றார். சேதுபதி 1903இல் மறைந்தார், தேவர் 1911இல் மறைந்தார். இரண்டு பேரும் ஐம்பது வயதைப் பார்க்கவில்லை. சங்கம் மட்டும் நின்றது. புலவருக்குப் பொற்கிழி கொடுத்துப் பல்லக்கில் அனுப்பியதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. ஒரு நூலகம், ஒரு அச்சுக்கூடம், ஒரு பாடசாலை, 'செந்தமிழ்' என்று ஒரு இதழ், இவ்வளவையும் ஏற்படுத்தினார்கள். சமஸ்தானப் புலவர்களான ரா. இராகவையங்காரும் மு. இராகவையங்காரும் அந்த இதழை நடத்தினார்கள். வள்ளல்கள் போன பிறகும் செய்வதற்கு அங்கே வேலை மிச்சம் இருந்தது. வேலை இருந்ததால் ஆட்களும் இருந்தார்கள்.

அந்தச் சங்கம் காத்தது பழந்தமிழை. புதுக்கவிதைக்கு அப்படியொரு மன்னர் கிடைக்கவில்லை. அதற்குக் கிடைத்தது சி.சு. செல்லப்பா. 1959இல் 'எழுத்து' என்று ஒரு சிற்றிதழ் தொடங்கினார். யாப்பை விட்டு எழுதியதைக் கவிதை என்று ஒப்புக்கொள்ளவே ஆளில்லாத நாட்களில் அதற்கு இடம் கொடுத்தார். 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைச் சேர்த்து 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். புத்தக மூட்டையைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 1970இல் 'எழுத்து' நின்றது. ஒரு மனிதரின் தோளும் கைக்காசும் எவ்வளவு நாள் தாங்கும்? அடுத்த ஆண்டே கோவையில் 'வானம்பாடி' வந்தது, 'விலையிலாக் கவிமடல்' என்று சொல்லிக்கொண்டு. ஒன்று நின்றால் இன்னொன்று முளைக்கும் என்று இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பெருமையாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பது நம்முடைய பெரிய இழப்பு.

கவிஞர் மீராவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கையில் கல்லூரிப் பேராசிரியர். அப்போது சிவகங்கை நம் இராமநாதபுரம் மாவட்டம்தான். நன்றாக விற்கிற கவிஞர். தன் புத்தகம், தன் பெயர் என்று இருந்திருக்கலாம். அவர் 'அன்னம்' பதிப்பகத்தைத் தொடங்கினார், 'அகரம்' அச்சகத்தை வைத்தார். கவிதை என்றால் பெரிய பதிப்பாளர்கள் கையை விரித்த காலத்தில் 'நவகவிதை' என்று தனி வரிசை போட்டார். அபி, கல்யாண்ஜி போன்றவர்களின் தொகுப்புகள் அந்த வழியாக வாசகர்களிடம் போயின. வானம் பார்த்த பூமியில், சென்னைக்கு வெகுதொலைவில், ஒரு சிறிய ஊரிலிருந்து இது நடந்தது. ஆகவே, 'நம் ஊரில் என்ன வசதி இருக்கிறது' என்று யாராவது கேட்டால் மீராவைச் சொல்லுங்கள்.

இந்த ஊர்ப்பிள்ளை இன்குலாப்பைச் சொல்லாமல் இங்கே பேச முடியாது. 1944இல் இங்கே பிறந்தவர். 'மனுசங்கடா' என்ற அவருடைய பாட்டு புத்தகக் கடை வழியாகவா மக்களிடம் போனது? கே.ஏ. குணசேகரன் குரலில் மேடைமேடையாகப் போனது. அந்த மேடைகளைப் போட்ட இயக்கங்கள்தான் அவருடைய பதிப்பகம் என்று சொல்லலாம். 2016 டிசம்பரில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவித்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. ஒரு கவிஞனுக்கு எது எப்போது தேவைப்படுகிறது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள் என்கிறேன். சாயல்குடிப் பக்கம் சிக்கலில் பிறந்த கந்தர்வனையும் நினைத்துக்கொள்கிறேன். 1975இல் மதுரையில் உருவான தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கிளைக் கூட்டங்களில் புதிதாக எழுதுகிறவர்களை உட்கார வைத்து வாசிக்கச் சொன்ன தலைமுறை அவருடையது.

கடலுக்கு அந்தப் பக்கமும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்த டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். தெருவில் இறங்கித் தன் கையால் விற்றார். எத்தனையோ ஈழத்து எழுத்தாளர்களுக்கு அந்த இதழ் முதல் வாசல்.

வெளியே இரண்டு ஊர்களைச் சொல்கிறேன், கணக்குக்காக. 1912இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஹேரியட் மன்றோ என்ற அம்மையார் கவிதைக்கென்று ஒரு மாத இதழ் தொடங்கினார். பணத்துக்கு ஒரே ஒரு கோடீஸ்வரரைத் தேடிப் போகவில்லை. நூறு பேரிடம் போய், ஆளுக்கு ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்து ஆண்டு கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். அந்த அம்மையார் 1936இல் இறந்துவிட்டார், இதழ் இன்றைக்கும் வருகிறது. இன்னொன்று பக்கத்து வீடு. 1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலோடு ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். எழுதியவனுக்கு நூற்றுக்கு முப்பது பங்கு உரிமைத்தொகை கொடுத்தார்கள். மலையாள இலக்கியம் எழுந்து நின்றதில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கரைவலையை ஒரு ஆள் இழுக்க முடியாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலக்கியத்தில் மட்டும் ஏன் ஒரே ஆளை இழுக்க விட்டுவிட்டுக் கரையில் நின்று பார்க்கிறோம்?

இன்றைக்குத் தமிழில் விருதுகள் இருக்கின்றன. வட அமெரிக்கத் தமிழர்களின் 'விளக்கு', கனடா இலக்கியத் தோட்டத்தின் 'இயல்', 2010 முதல் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் கொடுக்கிற விருது, எல்லாம் மதிக்கத் தக்கவை. அந்த வட்டம் கவிஞர் குமரகுருபரன் நினைவாக இளம் கவிஞர்களுக்கென்றே தனியாக ஒரு விருது கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இருந்தாலும் விருது என்பது, எழுதி, அச்சாகி, நாலு பேர் கண்ணில் பட்ட பிறகு வருவது. அதற்கு முந்தைய இடத்தில் பிள்ளைகளுக்குத் துணை யாருமில்லை.

பாம்பனில் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். வலை பின்னுகிற வேலை, ராத்திரியில் கவிதை. ஒரு பதிப்பகத்துக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்துப் புத்தகம் போட்டிருக்கிறான். பிரதிகளை வீட்டில் இறக்கிவிட்டுப் போனவர்கள் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லையாம். கட்டிலுக்கு அடியில் பாலித்தீன் தாளில் சுற்றி வைத்திருந்தான். ஒன்றை எடுத்துப் பிரித்தான். உப்புக்காற்றில் நடுப்பின் துருப்பிடித்து, பழுப்புக் கறை பக்கத்துக்குப் பக்கம் இறங்கியிருந்தது. அந்தக் கறை மேலேயே ஒரு கவிதையைப் படித்தேன். கச்சான் காற்றில் கரை திரும்பாத தகப்பனைப் பற்றியது. நல்ல கவிதை. இரண்டு வரியை எடுத்துவிட்டால் மிக நல்ல கவிதை. 'எந்த இரண்டு வரி?' என்று உடனே கேட்டான். அதுவரை அவனிடம் அப்படி யாரும் சொன்னதில்லையாம். பாராட்டியவர்கள் உண்டு, பொன்னாடை போர்த்தியவர்கள் உண்டு. உட்கார்ந்து வரிக்கு வரி பேசியவர் இல்லை.

ஆகவே நம் கடற்கரைக்கு ஒரு அமைப்பு வேண்டும் என்று கேட்கிறேன். எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நூறு பேர் சேர வேண்டும். ஆளுக்கு மாதம் 50 ரூபாய். ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஆகிறது. கடல் தாண்டிச் சம்பாதிக்கிற நம் பிள்ளைகள் ஒரே ஆள் முழுப் பணத்தையும் தருகிறேன் என்பார்கள். அவர்களிடமும் அதே 50 ரூபாய்தான் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் பொன்னாடை வாங்கக் கூடாது, நினைவுப் பரிசு கூடாது, பதாகை கூடாது. புத்தகம் வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு புதிய தொகுப்பைத் தேர்ந்து, ஐம்பது பிரதி காசு கொடுத்து வாங்கினால், அந்தக் கவிஞனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. மிச்சப் பணத்தில் ஆண்டுக்கு ஒரு முதல் தொகுப்பை நாமே அச்சிடலாம். கம்பிப் பின் அடிக்க வேண்டாம், நூல் தையல் போடச் சொல்லுங்கள்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். 1948இல் வந்த நூலகச் சட்டத்தின்படி சொத்துவரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டு வருகிறோம். நம் கிளை நூலகத்துக்கு இந்தக் கடற்கரைக்காரர்கள் எழுதிய புத்தகங்கள் வந்திருக்கின்றனவா என்று போய்ப் பார்ப்பதும், இல்லையென்றால் எழுதிக் கேட்பதும் இந்த அமைப்பின் வேலையாக இருக்கட்டும்.

கூட்டம் எப்போது நடத்துவது என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. நகரத்து வழக்கப்படி ஞாயிறு மாலை ஆறு மணி என்று போட்டால் யார் வருவார்கள்? பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள். ஒரு கூட்டம் கரையில் இருக்கும்போது இன்னொரு கூட்டம் கடலில் இருக்கும். பாசி எடுக்கிற அக்காமார் நீர்வற்றத்தைப் பார்த்துப் போகிறவர்கள். கீழக்கரையில் பெண்பிள்ளைகள் பொதுமண்டபத்துக்கு வரத் தயங்கினால், வீடுகளிலும் பெண்கள் கல்லூரியிலும் தனியாக வாசிப்பு வைக்கலாம். அங்கே நடத்துகிறவர்களும் பெண்களாகவே இருக்கட்டும். அவர்கள் நோட்டுப் புத்தகங்களில் என்ன இருக்கிறதென்று நமக்கு இன்னும் தெரியாது. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைத் தெரிந்த பெரியவர்களையும் அழைத்து, பிள்ளைகள் கவிதை வாசிக்கிற அதே பாயில் உட்கார வைக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒரே ஒரு விதி. வாசித்தவுடன் கைதட்டக் கூடாது. எந்த வரி நின்றது, எந்த வரி சரிந்தது என்று பேச வேண்டும். மனம் நோகும் என்று பயப்படாதீர்கள். பாம்பன் தம்பி அன்று நோகவில்லை, நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான்.

வரவு செலவை மாதம் ஒருமுறை நூலக வாசலில் ஒட்ட வேண்டும். செயலாளர் இரண்டு ஆண்டுக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது, நானாக இருந்தாலும் சரி.

ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் இருக்கும். முதல் கூட்டத்தை அந்த நாட்களுக்குள் மண்டபம் ஊரிலோ பாம்பனிலோ வைத்துவிடலாம். சந்தா நோட்டு இந்த மேசையில் இருக்கிறது. போகும்போது பெயரையும், எந்தக் கிழமைகளில் உங்களால் வர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.